சாராம்மாவின் செவலை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பாறசாலைத் தண்டவாளத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம், ரயில் வராத நேரமாக இருந்தால். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. ஓரிரண்டு இடத்தில் குறைத்திருக்கிறது, அதுவும் உள்ளதை உள்ளபடி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காக. அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் பனச்சமூட்டுக்கு ஒரு நடை போய்ச் சாராம்மாவின் செவலைப் பசுவிடம் கேட்டுக்கொள்ளலாம். வாயில்லா ஜீவன். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

அன்று வியாழக்கிழமை. பூதலிங்கம் மாட்டுத்தீவன மில்லின் மேனேஜர் ரமணன், ஒரு காதில் போனும் மறுகாதில் விரலுமாக ஆபீஸ் அறையில் நின்றிருந்தார். அடுத்த அறையில் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மீசையில் பருத்திக்கொட்டைத் தூசு படிந்து, இருபத்தேழு வருடமாக அது நரைத்ததா தூசா என்று அவருக்கே தெரியாத நிலை. மறுமுனையில் எர்ணாகுளத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். சிரிக்கவைத்தே ஊக்கம் கொடுக்கிற பேச்சாளர் ஒருவரின் காரியதரிசி அவள்.

"சாரே, நம்ம கிட்ட மூணு பேக்கேஜ் உண்டு. ஒரு மணிக்கூருக்கு நாப்பது சிரி, அறுபது சிரி, நூறு சிரி. நூறு சிரி எடுத்தா கடைசியில கண்ணீர் ஃப்ரீ."

"கண்ணீரா? அது எதுக்கும்மா?"

"மோட்டிவேஷன் அல்லே சாரே? சிரிச்சு சிரிச்சு ஒடுக்கம் ஒண்ணு அழணும். இப்ப எல்லா கம்பெனியும் அதைத்தான் கேக்குது."

அழுவதற்கு எர்ணாகுளத்திலிருந்து ஆள் வரவேண்டியதில்லை என்று ரமணன் நினைத்துக்கொண்டார். அதற்கான ஏற்பாடு இங்கேயே நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் டீலர் கூட்டம். மில்லுக்கு மொத்தம் முப்பத்தெட்டு டீலர்கள். காரோடு, காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை என்று மலையாளம் பேசுகிற இந்தப் பக்கம் பத்தொன்பது பேர், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற களியக்காவிளை தொடங்கிப் பத்தொன்பது பேர். இரண்டு மாதமாக ஒரு பெரிய கம்பெனியின் வேன் இவர்கள் கடை வாசலில் எல்லாம் வந்து நின்றது. பளபளக்கிற நோட்டீஸ், சாவிக்கொத்து, அதிகம் விற்றால் சிங்கப்பூர் பயணம். மாடு சிங்கப்பூர் போகாது என்பதை அந்த வேன்காரர்கள் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை.

மில்லைத் தொடங்கிய பூதலிங்கம் காலமான பிறகு, வங்கி வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு மில்லைக் கையிலெடுத்தவள் அவருடைய மகள் ஆனந்தலட்சுமி. அவள் அன்று காலை ரமணனை அழைத்து, தராசின் மேல் கைவைத்தபடி சொன்னாள்: "அண்ணாச்சி, இந்தக் கூட்டத்துல பாதிப்பேராவது அடுத்த வருசத்துக்கு ஆர்டர் எழுதித் தரணும். இல்லைண்ணா மில்லை அந்தக் கம்பெனிக்காரனுக்கே குடுத்துட்டு நான் பேங்குக்குத் திரும்பிப் போறேன்." அழாமல் சொன்னாள். அதுதான் ரமணனைப் பயமுறுத்தியது. பூதலிங்கமும் முடிவு எடுத்துவிட்டால் இதே குரலில்தான் பேசுவார். மூட்டை வாய் தைக்கிற இருபத்திரண்டு பெண்களின் தையல் ஊசிகள் அந்த நேரத்தில் ஒன்றாக நின்றதுபோல ரமணனுக்குத் தோன்றியது.

"நல்லா சிரிக்க வைக்கிற ஆளாப் பாருங்க. போன வருசம் நீங்க பேசினப்போ என்ன நடந்துதுண்ணு ஞாபகம் உண்டா?"

"உண்டும்மா."

மறக்கக்கூடியதா அது? மூன்று வருடமாகக் கூட்டத்தில் நகைச்சுவைப் பேச்சு ரமணனுடையதுதான். ஒரு டைரி நிறைய நகைச்சுவைகளை எண் போட்டுச் சேர்த்துவைத்திருந்தார். தனியாக இருக்கும்போது பதினொன்றாம் எண்ணை நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்ததுண்டு. ஆனால் மேடையில் போன வருடம் அதைச் சொன்னபோது பத்தொன்பது பேர் மலையாளத்திலும் பத்தொன்பது பேர் தமிழிலும் குறட்டை விட்டார்கள். குறட்டைக்கு மொழி உண்டு என்பதை ரமணன் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

அடுத்த மூன்று நாளில் அவர் ஐந்து பேச்சாளர்களை விசாரித்துவிட்டார். ஒருவர் அனுப்பிய வீடியோவில் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் கண்ணாடித்துண்டின் மேல் நடந்தார்கள். இன்னொருவர், பார்வையாளர்கள் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். டீலர்களில் எப்போதும் முட்டிக்கொள்ளும் காரோட்டு பொன்னப்பனும் களியக்காவிளை சுயம்புவும் கட்டிப்பிடித்தால் பிரித்துவிட போலீஸ் வரவேண்டியிருக்கும் என்பதால் அதுவும் சரிப்படவில்லை. எர்ணாகுளத்துக்காரர் மலையாளம் மட்டும்தான் பேசுவாராம். சென்னைக்காரருக்குத் தமிழ் மட்டும். "அப்படிண்ணா நூறுக்கு அம்பது சிரிதான் கிட்டும்" என்றார் ரமணன், தன்னையறியாமல் கணக்குப் பேசி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரமணனின் வீட்டுக்கு எதிரே மலையடிச் சபை, ஒரு கிறிஸ்தவ தேவாலயம். அன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த ஏத்தன் வாழைக்குலை, பூசணி, சேவல், மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்துக்கு இரண்டு சம்பிரதாயம் உண்டு. எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது மட்டம். "சபைக்கே திரும்பக் குடுத்தேன்" என்று சொல்லி மறுபடி ஏலத்துக்கு விடுவதுதான் அந்தஸ்து. அதனால் ஒரே பூசணிக்காய் ஒன்பது தடவை விற்றுப்போகும். இரண்டாவது, வாயைவிட்டு வந்த தொகையைத் திரும்ப வாங்கினவன் அந்த வட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை.

ஏலம் விடுகிறவள் சாராம்மா. ஐம்பத்தெட்டு வயது. மற்ற நாட்களில் அரசாங்கத்தின் நூறுநாள் வேலைத் திட்டத்தில் வாய்க்கால் வெட்டப் போகிறவள். பல வருடமாக அந்தக் குரலைச் சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே செய்தித்தாள் படித்தவர்தான் ரமணன். அன்றைக்கு ஏனோ செருப்பை மாட்டிக்கொண்டு சபை மதிலருகே போய் நின்றார்.

சாராம்மா ஒரு சேனைக்கிழங்கைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசம் மண்ணுக்குள்ள ஒத்தைக்குக் கிடந்து, யாரையும் ஒரு குத்தம் சொல்லாம வளந்த சேனையாக்கும் இது. நம்ம கூட்டத்துல அப்படி ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம். பொன்னப்பன் அண்ணன் நூறு சொல்லியாச்சு. அண்ணனுக்க மருமவன் சவுதியிலேந்து வந்து நிக்கியான். மாமனாரு நூறோட நிறுத்தினா அவன் என்னத்த நினைப்பான்? பொண்ணு எடுத்த இடம் சரியில்லைண்ணு நினைக்க மாட்டானா?"

"இருநூறு!" என்றார் பொன்னப்பன். மருமகன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது ஒரு குளவி ரமணனின் காதருகே வந்தது. அவர் கையை வீசினார்.

"மதிலுக்கு வெளிய நிக்குத மில்லு மேனேஜர் சார் முந்நூறு! சிவன்கோயில் ஆளு முந்நூறு சொல்லியாச்சு, சபைக்காரங்க வாயைப் பொத்திட்டு இருக்கியளா?"

சபைக்காரர்கள் மரியாதைக்காக அதற்குமேல் கேட்கவில்லை. ரமணன் முந்நூறு ரூபாய் கொடுத்துச் சேனையை வாங்கி, சம்பிரதாயம் தெரிந்தவராக, சபைக்கே திரும்பக் கொடுத்தார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. பணம் போயிற்று, கிழங்கும் போயிற்று, ஆனால் நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகியிருந்தது. ஏமாந்தவனுக்கு வரும் உணர்ச்சி இல்லை அது, பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு வருவது. சாராம்மா யாரையும் சின்னவனாக்கிச் சிரிக்க வைக்கவில்லை. ஒவ்வொருவனையும் அவனே நினைத்திராத உயரத்துக்குத் தூக்கி, கீழே பார்த்தால் தலைசுற்றும் என்ற இடத்தில் நிறுத்திச் சிரிக்க வைத்தாள். ரமணன் எண்ணிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் நூற்றுப்பதிமூன்று சிரிப்பு. எர்ணாகுளத்தில் அந்த அளவுக்குப் பேக்கேஜே கிடையாது.

ஏலம் முடிந்து அவள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது போய் நின்றார்.

"சேச்சி, எங்க டீலர் கூட்டத்துக்கு வந்து பேசணும்."

"என்னத்தப் பேசதுக்கு?"

"மோட்டிவேஷன்."

"அதென்ன சாரே, சீக்கா?"

"சீக்கு இல்ல, சீக்குக்கு மருந்து. சோந்துபோன ஆளுகளுக்கு ஒரு உற்சாகம் வரணும். சிரிக்கணும். எங்க தீவனத்தை வாங்கணும்ணு அவங்களுக்கே தோணணும்."

"அப்படிண்ணா ஏலம்ணு சொல்லும். இதுக்கு எதுக்கு இங்கிலீசு?"

"எவ்வளவு வாங்குவீங்க?"

சாராம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரூவா வேண்டாம். ஒரு மூட்டை தீவனம் தாரும். எனக்க செவலை உங்க மில்லுத் தீவனம் இல்லாட்டி வாய் வைக்க மாட்டா."

ரமணன் உடனே தலையாட்டினார். இருபத்தேழு வருடத்தில் மூட்டையின் எடையைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு, விலையைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. ஒரு மாடு என்ன நினைக்கிறது என்று வந்து சொன்னவள் இவள்தான்.

ஆனந்தலட்சுமி இதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "வாய்க்கால் வெட்டுத சேச்சியா? அண்ணாச்சி, விளையாடுதியளா?" என்றாள். ரமணன் தன் வாழ்நாளில் முதன்முறையாக அவளுக்கு மறுபேச்சுப் பேசினார். "எனக்க டைரி மேல ஆணையா அம்மா, அந்த அம்மா வந்தா போதும்." அந்த டைரியைப் பற்றி அவளுக்கு என்ன அபிப்பிராயம் இருந்ததோ, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சரி என்று தலையசைத்தாள்.

கூட்டம் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. மேடையில் பூதலிங்கத்தின் மாலை போட்ட படம். நடுவில் வழிவிட்டு, இந்தப் பக்கத்து டீலர்கள் இடதுபுறமும் அந்தப் பக்கத்தவர்கள் வலதுபுறமும் சொல்லிவைத்தாற்போல உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு செக்போஸ்ட் வைத்தால் பொருத்தமாக இருந்திருக்கும். கடைசி வரிசையில், ஒரு பெட்டி நிறைய சாவிக்கொத்துடன் ஜெனில் இருந்தான். பெரிய கம்பெனியின் ஏஜெண்டு. அவனை வெளியே போகச் சொல்லலாம்தான். ஆனால் காலையில் பேனர் கட்ட ஏணி பிடித்தவனே அவன்தான் என்பதால் யாருக்கும் மனம் வரவில்லை. டீலர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து அவனிடம் தலையசைத்தார்கள். ஒவ்வொரு தலையசைப்பையும் ரமணன் எண்ணிக்கொண்டிருந்தார். மேடை ஓரத்து மேசையில் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

சாராம்மா வெள்ளைச் சேலையும் குடையுமாக வந்தாள். மறுகையில் வாழையிலை கட்டி மூடிய ஒரு பித்தளைச் செம்பு. மைக்கை ஒதுக்கிவைத்தாள். "இது எனக்கு வேண்டாம். மலையடியில சொன்னா வெள்ளறடயில கேக்கும் எனக்க குரல்." அப்புறம் குடையை மடக்கி மேசையில் சாத்திவைத்தாள். டீலர்கள் செல்போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

"எனக்குப் படிப்பு கிடையாது. எனக்க செவலைக்கும் கிடையாது. ஆனா மூட்டையில எழுதியிருக்க பேரை அவ வாசிப்பா. போன மாசம் வேற ஒரு கம்பெனி மூட்டை, பேரு சொல்லமாட்டேன், மருமவ தெரியாம வாங்கிட்டு வந்துட்டா. செவலை மோந்து பாத்தா. மூஞ்சியைத் திருப்பினா. மூணு நாளு உண்ணாவிரதம்! நாலாம் நாளு பூதலிங்கம் மில்லு மூட்டையை அவுத்து வச்சேன். தின்னுட்டு, என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, எனக்க கெட்டினவன் கூட முப்பது வருசத்துல அப்படிப் பாத்ததில்ல."

இடதுபுறம் சிரிப்பு தொடங்கியது. சாராம்மா வலதுபுறம் திரும்பினாள்.

"கறக்கும்போ மலையாளம் பேசணும், இல்லைண்ணா பால் இறக்க மாட்டா. மேய விட்டா தமிழ் பேசணும், இல்லைண்ணா நடக்க மாட்டா. என்ன செய்ய? பார்டர் மாடு இல்லியா! எனக்குச் சண்டை போடணும்ணாலும் அவளுக்க கூட ரெண்டு பாஷையில போடணும்."

மண்டபம் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது. பூதலிங்கம் காலத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. சாராம்மா செம்பின் இலையை அவிழ்த்தாள். "இண்ணைக்கு விடிய வெளுப்புக்கு அவ தந்த பாலாக்கும். இதை யாரு எடுக்கியது?"

பேச்சை முடிக்க அவள் வைத்திருந்த வேடிக்கை அது. அதோடு கும்பிட்டுவிட்டு இறங்குவதாக இருந்தாள். ஆனால் முன்வரிசையில் இருந்தது காரோட்டு பொன்னப்பன். முப்பது வருட ஏலப் பழக்கம். சாராம்மா ஒரு பொருளைத் தூக்கிப்பிடித்து "யாரு" என்றால் அவர் வாய் தானாகத் திறக்கும்.

"பத்து!" என்றார்.

சபையில் ஏலம் விடும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பெயரும் தொகையும் எழுதிக்கொண்டே இருப்பார். சாராம்மா பழக்கத்தில் மேசைப் பக்கம் திரும்பி, "எழுதியாச்சா?" என்றாள். ரமணனின் கையில் பேனா இருந்தது. முன்னால் இருந்த ஒரே காகிதம் ஆர்டர் புத்தகம். அதில் ரூபாய்க்குக் கட்டமே இல்லை, மூட்டைக்குத்தான் உண்டு. எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"பொன்னப்பன், காரோடு, மாசம் பத்து மூட்டை."

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. பொன்னப்பன் எழுந்தார். பத்து ரூபாய் என்று சொல்லத்தான் எழுந்தார். மண்டபமே அவரைப் பார்த்தது. சொன்னதைத் திரும்ப வாங்கின முதல் ஆளாக அந்த வட்டாரத்தின் நினைவில் நிற்பதா என்று அவர் யோசித்த நேரம் இரண்டு மூச்சு இருக்கும். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "பாலைச் சபைக்கே திரும்பக் குடுத்தேன்!" என்றார்.

வலதுபுறத்தில் நாற்காலி ஒன்று பின்னால் சாய்ந்து விழுந்தது. களியக்காவிளை சுயம்பு நின்றிருந்தார். "எலே, காரோடு பத்துண்ணா களியக்காவிளை பதினஞ்சாக்கும்!"

"சுயம்பு அண்ணன் சொல்லியது எனக்குக் கேட்டுது. காஞ்சிரங்குளத்துக்குக் கேட்டுதா?" என்றாள் சாராம்மா.

காஞ்சிரங்குளத்துக்குக் கேட்டது. இருபது. அதற்குப் பிறகு செம்பு தரையில் நிற்கவில்லை. இடதுபுறம் போகும், திரும்பக் கொடுப்பார்கள், வலதுபுறம் வரும், திரும்பக் கொடுப்பார்கள். ஒவ்வொருவரிடமும் சாராம்மாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஒருவருக்கு அவர் புதிதாகக் கட்டின வீட்டின் வாசற்படியைப் பற்றி, ஒருவருக்கு நர்சிங் படிக்கிற மகளைப் பற்றி. ஒருவருக்கு எதுவும் சொல்லாமல் வெறுமனே பெயரை மட்டும் அழைத்தாள். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னார். ரமணன் எழுதிக்கொண்டே இருந்தார், எழுதிக்கொண்டே சிரித்தார். கண்ணில் நீர் கோத்து எழுத்து மங்கியது. அந்த நேரத்தில் ஸ்டேஷனில் வந்து நின்ற ஒரு வண்டியிலிருந்து, சத்தம் கேட்டு இரண்டு பேர் இறங்கி ஓடிவந்து, ஐந்தைந்து மூட்டை சொல்லிவிட்டுத் திரும்ப ஓடி ஏறிக்கொண்டார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. மூட்டை மட்டும் எழுதியிருக்கிறது.

கடைசி வரிசையில் ஜெனில் பொறுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து, சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டி, "ஒரு நிமிஷம்..." என்றான்.

"கையைத் தூக்கியாச்சு! பின்வரிசைத் தம்பி அம்பது!"

"எழுதியாச்சு" என்றார் ரமணன்.

"ஐயோ சேச்சி, நான் வேற கம்பெனி ஆளு."

"வேற சபைக்காரன் வந்து எடுக்கப்பிடாதுண்ணு சட்டம் ஒண்ணும் கிடையாது மக்கா. போட்டிக் கம்பெனியில இருந்துட்டு, நல்லதைக் கண்டப்போ கையைத் தூக்கினான் பாருங்க, இவனைப் பெத்தவளுக்கு முதல்ல கைதட்டணும்!"

முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். மூன்று வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, நாற்காலி கொடுப்பவர்கள்கூட அதிகமில்லாத பிழைப்பு அவனுடையது. ஜெனில் சாவிக்கொத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். கண்ணீரும் இலவசம்.

கடைசி ஏலம் ஆனந்தலட்சுமியுடையது. நூறு மூட்டை என்றாள், தன் சொந்த மில்லில். அவள் மட்டும் பாலைத் திரும்பக் கொடுக்கவில்லை. செம்பைத் தூக்கி, மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்தாள். மேலுதட்டில் வெள்ளைக் கோடு. அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, கோணலாகவே இல்லாத மாலையை நேராக்கினாள்.

"நல்ல பாலு அண்ணாச்சி" என்றாள். திங்கட்கிழமை வங்கிக்குத் தபாலில் ஒரு ராஜினாமாக் கடிதம் போயிற்று.

அதே திங்கட்கிழமை ரமணன் ஒரு மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு சாராம்மாவின் வீட்டுக்குப் போனார். மில்லில் ஆள் இருந்தும் தானே கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. பையில் அந்த டைரியும் இருந்தது. பதினொன்றாம் எண்ணை அவளிடம் படித்துக்காட்டி, எங்கே பிழை என்று கேட்பதாக எண்ணம். அப்படியே செவலையையும் ஒருமுறை பார்த்து, முதுகில் தடவிக்கொடுக்க வேண்டும்.

சாராம்மா வேலைக்குப் போயிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. மூட்டையைத் தொழுவத்தில் இறக்கிவிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். ஒரு அயனிப் பலா மரம், துணி துவைக்கிற கல், நாலு கோழி. இன்னொரு முறை சுற்றினார். கொடியில் சேலைக்குப் பக்கத்தில், கழுவிக் காயப்போட்ட நீலநிறப் பால் கவர்கள் நாலு, கிளிப் மாட்டி வரிசையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ரமணன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு மெதுவாக வயிற்றிலிருந்து கிளம்பியது. தோளில் மூட்டை குலுங்க, தையல் விட்ட ஒரு மூலையிலிருந்து தவிடு சரசரவென்று கொட்ட, கோழிகள் நாலும் ஓடிவந்தன.

சாராம்மா தன் ஆயுளில் மாடு வளர்த்ததே இல்லை.